ஹுசேன் கானின் பத்து அணா
அமிதவ் கோஷின் ‘தி கல்கத்தா குரோமோசோம்’ நாவலும் அதன் வாசகர்களும்

1

அமிதவ் கோஷின் ‘தி கல்கத்தா குரோமோசோம்’ பற்றி யாரிடம் பேச்செடுத்தாலும் மூன்று பதில்களில் ஒன்றுதான் வருகிறது. “கடைசியில ஒண்ணும் புரியல” என்பது முதல் பதில். “ரொனால்ட் ராஸை இப்படி முட்டாளாக்கியிருக்க வேண்டாம்” என்பது இரண்டாவது. மூன்றாவது பதில் கொஞ்சம் தயங்கித் தயங்கி வரும். “நல்லாத்தான் இருக்கு. ஆனா விஞ்ஞானத்துல ஆரம்பிச்சு சாமியில கொண்டுபோய் விட்டுட்டாரே.” செஞ்சியில் நாங்கள் நாலைந்து பேர் கூடிப் பேசும் வாசிப்பு வட்டத்திலும் இந்த மூன்றும் வந்தன. நாவலை ரசித்தவர்களும் இதைத்தான் சொன்னார்கள், பாதியில் மூடி வைத்தவர்களும் இதைத்தான் சொன்னார்கள்.

நாவல் ஆங்கிலத்தில் வந்தது 1995ல். அறிவியல் புனைவுக்கான ஆர்தர் சி. கிளார்க் விருதை 1997ல் பெற்றது. இத்தனை ஆண்டுகளாகியும் இந்த மூன்று பதில்களும் மாறவில்லை என்றால், வாசகர்களுக்குப் புரியவில்லை என்று ஒதுக்கிவிட்டுப் போவது விமர்சனத்துக்கு அழகல்ல. மூன்று குறைகளிலும் உண்மை இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆனால் மூன்றும் ஒரே எடையுள்ளவை அல்ல. முதல் குறைக்கு நாவலிடம் பதில் இருக்கிறது. இரண்டாவதற்குப் பாதி பதில் இருக்கிறது. மூன்றாவதற்கு இல்லை. நாவலைப் பற்றி நாம் பேசவேண்டியது அந்த மூன்றாவது இடத்தில்தான்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எதிர்காலத்து நியூயார்க்கில் அந்தர் என்ற எகிப்தியர் தனியாக வாழ்கிறார். ஆவா என்ற கணினியோடு உட்கார்ந்து பழைய பொருள்களைப் பட்டியலிடுவது அவர் வேலை. ஒருநாள் ஆவா ஒரு சிதைந்த அடையாள அட்டையைக் கண்டெடுக்கிறது. 1995 ஆகஸ்ட் 21 அன்று கல்கத்தாவில் காணாமல் போன எல். முருகனின் அட்டை அது. முருகனுக்கு ஒரு பித்து உண்டு. மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கிய ரொனால்ட் ராஸ், உண்மையில் தானாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. யாரோ அவருக்கு வழி காட்டிக்கொண்டே இருந்தார்கள் என்பது அவன் வாதம். அந்த யாரோ, ஆய்வுக்கூடத்தைக் கூட்டிப் பெருக்க வந்த மங்களா என்ற பெண்ணும், லட்சுமண் என்ற வேலையாளும். ராஸ் சோதனை செய்கிறார் என்று உலகம் நினைக்கிறது. முருகனைக் கேட்டால், சோதனைக்கு வைக்கப்பட்ட ஜந்துவே ராஸ்தான்.

முருகன் என்ற பெயரைப் பார்த்து நம்மூர்க்காரன் என்று நிமிர்ந்து உட்கார்ந்தால் ஏமாற்றம்தான். ஆள் பேசுவதெல்லாம் அமெரிக்கத் தெருவோர ஆங்கிலம். ஆனால் ஒரு விஷயத்தை விடாமல் நோண்டி, கேட்பவர் காது புளிக்கும்வரை சொல்லிக்கொண்டே இருப்பதில் அவன் நம்முடைய டீக்கடைகளில் எங்கும் காணக் கிடைப்பவன்.

2

‘புரியவில்லை’ என்ற குறையை முதலில் எடுத்துக்கொள்வோம்.

தமிழில் அறிவியல் புனைவு என்றால் நமக்கு சுஜாதாதான் முதல் வாசல். என்ன நடந்தது, எப்படி நடந்தது, எந்த விதிப்படி நடந்தது என்று சொல்லிவிடுவார். கதை முடியும்போது வாசகன் கையில் ஒரு சாவி இருக்கும். அந்தப் பழக்கத்தோடு கோஷிடம் வருகிறவருக்கு எரிச்சல் வராமல் இருக்காது. அந்தருடைய அடுத்த வீட்டுத் தாரா யார், லக்கி யார், கல்கத்தாவின் ஊர்மிளாவுக்கு என்ன ஆயிற்று, பழைய ரயில் நிலையத்தில் சிவப்பு விளக்கோடு அலைகிறவன் எத்தனையாவது லட்சுமண்? எல்லாம் கோடி காட்டப்படுகிறது, எதுவும் உடைத்துச் சொல்லப்படுவதில்லை.

ஆனால் நாவல் தன் விதியை ஒளிக்கவில்லை. முருகன் வாயால் தெளிவாகவே சொல்லிவிடுகிறது. ஒன்றை அறிந்துகொண்டேன் என்று சொல்கிற கணத்தில் அறியப்பட்ட பொருள் மாறிவிடுகிறது. மங்களாவின் கூட்டம் இதை நம்புகிறது. ஆகவே அவர்கள் பேசுவதில்லை, எழுதுவதில்லை. தங்களுக்குத் தெரிந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக ராஸுக்குக் கசியவிட்டு, அவர் அதை உலகத்துக்கு அறிவிக்கும்போது பொருளில் என்ன மாற்றம் வருகிறது என்று பார்க்கிறார்கள். மௌனமே அவர்களுடைய முறை. அப்படிப்பட்டவர்களின் கதையை எல்லாம் விளங்கும்படி முடித்திருந்தால் நாவல் தன் விதியையே மீறியதாகும்.

செஞ்சிக்காரர்களுக்கு இதை விளக்க நான் சிங்கவரத்துக்குத்தான் போவேன். மலைமேல் பள்ளிகொண்ட அரங்கநாதர் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பதாக எங்கள் பக்கம் சொல்வார்கள். ஆற்காட்டு நவாபோடு போருக்குப் போகிறேன் என்று தேசிங்கு ராஜா வந்து நின்றபோது, இன்று வேண்டாம் என்று பெருமாள் தடுத்தாராம். அவன் கேட்கவில்லை. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். 1714ல் தேசிங்கு களத்தில் விழுந்தான். திருப்பிய முகத்துக்கு ஆயிரம் பேர் ஆயிரம் விளக்கம் சொல்லலாம், ஆனால் சிலை வாய் திறக்காது. கதை முந்நூறு ஆண்டுகளாக உயிரோடு இருப்பதற்கு அந்தத் திரும்பிய முகமும் ஒரு காரணம். கோஷின் கடைசி அத்தியாயமும் அப்படித் திரும்பிக்கொண்ட முகம்தான். அதைக் குறையென்று சொல்ல எனக்கு மனமில்லை.

ஒன்று மட்டும் ஒப்புக்கொள்ளலாம். நாவலின் கடைசி ஐம்பது பக்கங்கள் ஓட்டமும் நடையுமாகப் போகின்றன. புல்போனி என்ற எழுத்தாளர் ரேணுப்பூர் ரயில் நிலையத்தில் கழிக்கும் இரவை அத்தனை நிதானமாக, முதுகுத்தண்டு சில்லிடும்படி எழுதத் தெரிந்தவர், முடிவில் பாத்திரங்களை மூட்டை கட்டி அனுப்பும் அவசரத்தில் இருக்கிறார். வாசகர்கள் ‘புரியல’ என்று சொல்லும்போது பலர் சொல்ல வருவது இந்த அவசரத்தைத்தான். மர்மத்தை மன்னித்துவிடலாம். அவசரத்தை மன்னிப்பது கொஞ்சம் கஷ்டம்.

3

அடுத்தது ராஸ். நாவலில் வருகிற ராஸ் பெருமையில் மிதக்கிற, சுற்றி நடப்பது எதுவும் தெரியாத வெள்ளைக்காரர். நிஜ ராஸ் அதைவிடச் சுவாரசியமான ஆள். அதைவிட நிம்மதி கெட்ட ஆளும்கூட.

1857 மே 13 அன்று அல்மோராவில் பிறந்தவர். அப்பா ராணுவ அதிகாரி. பையனுக்கு ஓவியமும் எழுத்தும் ஆசை, அப்பாவுக்கு மகனை இந்திய மருத்துவப் பணியில் சேர்க்கும் ஆசை. வழக்கம்போல அப்பா ஜெயித்தார். தேர்வில் ஒருமுறை தோற்று, கப்பலில் மருத்துவராக வேலை பார்த்து, பிறகு தேறி 1881ல் இந்தியா வந்தார். முதல் வேலை மதராஸ் மாகாணத்தில். வேலை நேரம் போக நாவல் எழுதினார், கவிதை எழுதினார், கணக்குப் போட்டார். எதிலும் மனம் நிலைக்கவில்லை. 1894ல் லண்டனில் பாட்ரிக் மேன்சனைச் சந்தித்தபோதுதான் அவருக்கு ஒரு வழி பிடிபட்டது. பிரெஞ்சு ராணுவ மருத்துவர் லாவெரான் 1880ல் அல்ஜீரியாவில் கண்ட மலேரியா ஒட்டுண்ணியை நுண்ணோக்கியில் காட்டி, இது கொசுவுக்குள் போகிறது, போய்ப் பார் என்றார் மேன்சன்.

அன்றைய ராணுவ மருத்துவப் பணியில் ராஸின் பதவிப் பெயர் சர்ஜன் மேஜர். ஆனால் அவர் பேர் வாங்கிய அறுவை எல்லாம் கொசுக்களின் வயிற்றில் நடந்தது. செகந்தராபாத் வெயிலில், விசிறி போட்டால் கொசு பறந்துவிடும் என்று விசிறியை நிறுத்திவிட்டு, மணிக்கணக்கில் கண்ணை நுண்ணோக்கியில் வைத்துக்கொண்டு. 1897 வசந்தத்தில் ஊட்டிக்குப் போனவர் சீகூர் மலைச்சரிவில் இறங்கி, கொசுவலைக்குள் படுத்தும் மலேரியாவை வாங்கிக்கொண்டு வந்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 20 அன்று, புள்ளிச் சிறகுக் கொசு ஒன்றின் இரைப்பைச் சுவரில், இருக்கவே கூடாத நிறமித் துகள்கள் கொண்ட செல்களைக் கண்டார். இன்று உலகக் கொசு தினமாக நினைக்கப்படும் நாள் அது. கண்ட சூடு ஆறுவதற்குள், மலேரியா அதிகமில்லாத ராஜபுதனத்துக் கேர்வாராவுக்கு மாற்றல் உத்தரவு வந்தது.

நோபல் பரிசு 1902ல் கிடைத்தது. நிம்மதி கிடைக்கவில்லை. இத்தாலியின் கிராஸ்ஸியோடு யார் முதலில் கண்டது என்ற சண்டையை வாழ்நாள் முழுக்க இழுத்தார். அரசாங்கம் தனக்குக் காசு தரவேண்டும் என்று மனு எழுதினார். கடைசியில் 1928ல் தன் கடிதங்களையும் குறிப்புகளையும் சீமாட்டி ஹூஸ்டனிடம் 2,000 பவுண்டுக்கு விற்றார். இந்த மனிதரைப் பெருமையில் மிதந்த முட்டாள் என்பது எளிதான கேலி. ஊரே கைதட்டியும் உள்ளுக்குள் ‘எனக்கு வரவேண்டியது இன்னும் வரவில்லை’ என்று குமைந்த மனிதர் என்று எழுதியிருந்தால் பாத்திரம் இன்னும் உயர்ந்திருக்கும்.

ஆகவே ‘முட்டாளாக்கியிருக்க வேண்டாம்’ என்கிற வாசகர்கள் பக்கம் நியாயம் உண்டு. நாவலின் சார்பில் ஒன்று சொல்லலாம்: இந்த ராஸ், முருகன் சொல்லும் ராஸ். பித்துப் பிடித்தவன் வாயில் எந்த மனிதரும் அளவு கூடியோ குறைந்தோதான் வருவார். கோஷ் தன் குரலில் ராஸைக் கேலி செய்யவில்லை என்று வாதாடலாம். பாதி பதில் என்று நான் சொன்னது இதைத்தான். மீதிப் பாதி எங்கே என்றால், நாவலில் முருகனை மறுத்துப் பேச ஆளே இல்லை. கேட்கிறவர்கள் வாய் பிளந்து கேட்கிறார்கள், அல்லது அலுத்துக்கொள்கிறார்கள். ‘அப்பா சாமி, கொஞ்சம் நிறுத்து, அந்தக் குறிப்புப் புத்தகத்துல வேற என்ன எழுதியிருக்கு?’ என்று ஒருவர்கூடக் கேட்பதில்லை.

கேட்டிருந்தால் சங்கடமான ஓர் உண்மை வெளிவந்திருக்கும். லட்சுமண் என்ற பெயரை கோஷுக்குக் கொடுத்ததே ராஸ்தான். 1895ல் கொசு செத்து விழுந்த தண்ணீரைக் குடிக்க ஒப்புக்கொண்ட இளைஞன் அவன். கொசுத் தண்ணீரைக் குடித்தால் மலேரியா வருமா என்று ராஸ் அப்போது சோதித்துக்கொண்டிருந்தார். ராஸின் ஏடுகளில் அந்தப் பெயர் இருக்கிறது. அப்துல் காதிர் இருக்கிறார். ஹுசேன் கான் இருக்கிறார். கல்கத்தாவில் உதவிக்கு இருந்த முகமது பக்ஸ் இருக்கிறார். 1923ல் ராஸ் தன் நினைவுக் குறிப்புகளை வெளியிட்டபோது இந்தப் பெயர்களை அழிக்கவில்லை. நாவல் யாரைக் கண்ணில்லாதவர் என்று காட்டுகிறதோ, அவர் எழுதி வைத்ததால்தான் நாவலுக்கு ஆட்கள் கிடைத்தார்கள்.

4

இனி மூன்றாவது குறை. விஞ்ஞானத்தில் ஆரம்பித்துச் சாமியில் முடிவது.

தமிழ் வாசகருக்கு இது குறையாகவே தோன்றாமல் போகலாம் என்பதுதான் இதில் வேடிக்கை. நோயும் தெய்வமும் ஒரே உடம்பில் இருப்பது நமக்குப் புதிதில்லை. அம்மை என்ற சொல்லில் நோயும் இருக்கிறது, தாயும் இருக்கிறாள். வீட்டில் ஒருவருக்குக் கண்டுவிட்டால் ‘ஆத்தா வந்திருக்கா’ என்று வேப்பிலை செருகுகிற ஊர் இது. செஞ்சியிலிருந்து மேல்மலையனூர் தூரமில்லை. அமாவாசை இரவில் அங்காளம்மனைப் பார்க்கப் போகிற கூட்டத்தோடு ஒருமுறையாவது போகாதவர் எங்கள் பக்கம் குறைவு. சிவன் கையில் ஒட்டிக்கொண்ட பிரம்ம கபாலத்தைப் பிடுங்கி எறிந்தவள் அவள். வைத்தியர்களால் ஆகாததை முடித்தவள் என்றுகூட அந்தப் புராணத்தை வாசிக்கலாம். அப்படி வளர்ந்த காதுக்கு, காய்ச்சலை ஆளும் ஒரு பெண்ணின் பெயர் மங்களா என்று வரும்போது, அங்காளா என்ற ஓசையும் பின்னாலேயே வந்துவிடுகிறது. கோஷ் இதை நினைத்திருக்க வேண்டியதில்லை. வாசிப்பில் இப்படி நடக்கும்.

நாவலில் மங்களாவுக்குக் களிமண் உருவம் இருக்கிறது. அதில் புறா இருக்கிறது, நுண்ணோக்கியும் இருக்கிறது. முதலில் படித்தபோது அந்த உருவத்தைப் பார்த்து அசந்துபோனேன். சூலமும் கபாலமும் இருக்கிற இடத்தில் ஒரு நுண்ணோக்கி. இதைவிட நல்ல படிமம் சமீபத்திய இந்திய நாவல்களில் அதிகம் கிடையாது.

ஆனால் எங்கள் வட்டத்தில் இதற்கு ஒரு எதிர்க்கேள்வி வந்தது. வல்லம் ஒன்றியத்தில் கொசுப்புழு ஒழிப்பு வேலைக்குப் போகிற தோழி கேட்டார். முதுகலை முடித்தவர். தினக்கூலி. வீடு வீடாகப் போய்த் தொட்டி, ட்ரம், ஆட்டுக்கல், பழைய டயர் எல்லாவற்றையும் கவிழ்த்துப் பார்த்து, டார்ச் அடித்து, புழு இருந்தால் அபேட் ஊற்றி, நோட்டில் எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகிற வேலை. டெங்கு காலத்தில் தமிழ்நாடு முழுக்க ஆயிரக்கணக்கான பெண்கள் இதைச் செய்கிறார்கள். அவர் கேட்டது இதுதான்:

“அந்தப் பொம்பள மைக்ராஸ்கோப்புல பாத்துப் பாத்துத்தான கண்டுபிடிச்சா? பொறவு எதுக்கு அவளுக்குப் பூசை போடுறாங்க? மாசம் அவளுக்கு எவ்ளோ குடுத்தாங்கன்னு யாராச்சும் கேட்டாங்களா?”

நாங்கள் கொஞ்ச நேரம் பேசவில்லை.

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு நாவலைத் திரும்பப் படித்தேன். அதன் ஆகச் சிறந்த காட்சி எது என்று இப்போது எனக்குச் சந்தேகமில்லை. ஃபார்லி என்ற வெள்ளைக்கார மருத்துவ மிஷனரி, கர்னல் கன்னிங்ஹாமின் கல்கத்தா ஆய்வுக்கூடத்துக்கு வருகிறார். லாவெரான் சொன்ன ஒட்டுண்ணியைக் கண்ணால் பார்க்க ஆசை. உதவியாளன் கண்ணாடித் தகடுகளைக் கொண்டுவந்து வைக்கிறான். ஒன்றிலும் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஃபார்லி ஓரக்கண்ணால் கவனிக்கிறார். உதவியாளன் தகட்டைத் தானாக எடுப்பதில்லை. பின்னால் இருக்கிற ஒரு பெண்ணிடம் போகிறான். அவள்தான் எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று தீர்மானிக்கிறாள். கூட்டிப் பெருக்க வந்தவள். அவளுக்கு எந்தத் தகட்டில் என்ன இருக்கிறது என்று தெரியும்.

இந்த இடத்தில் மங்களா ஒரு விஞ்ஞானி. கண், கை, பழக்கம், பொறுமை, தேர்வு எல்லாம் இருக்கிறது. அவளிடம் இல்லாதது பட்டமும் பதவியும்தான். இந்தப் பெண்ணை இன்னும் ஐம்பது பக்கம் பின்தொடர மாட்டாரா என்று ஏங்கும்போது, நாவல் அவளை மேலே தூக்கிவிடுகிறது. மலேரியாவைக் கொண்டு மேகநோய் முற்றிய மூளைக் கோளாறுக்குச் சிகிச்சை செய்யலாம் என்று அவள் கண்டிருக்கிறாள். இது வெறும் கற்பனை இல்லை. வியன்னாவில் வாக்னர் யாவ்ரெக் அதே சிகிச்சைக்காக 1927ல் நோபல் பரிசு பெற்றார். அதுவரை நாமும் கூடவே போகலாம். ஆனால் அதன் பக்கவிளைவாக ஒருவரின் ஆளுமையை இன்னொருவர் உடம்புக்கு மாற்றும் வழி அவளுக்குக் கிடைக்கிறது. அதன்பிறகு அவள் உடம்பு விட்டு உடம்பு தாவுகிறாள். சாவில்லை. வேலை இல்லை. கூலியும் இல்லை. பூசை மட்டும்.

நாவல் அவளைக் கௌரவிக்கத்தான் நினைக்கிறது, சந்தேகமில்லை. பெயரில்லாதவர்களுக்கு எல்லா அதிகாரத்தையும் கொடுத்துவிடுகிறது. ஆனால் கொடுத்த கையோடு ஒன்றைப் பிடுங்கிக்கொள்கிறது. அவளுடைய அறிவு உழைப்பிலிருந்து வந்தது என்பதை. மந்திரமும் மௌனமும் இந்தியர்களுக்கு, ஆய்வும் நோட்டுப் புத்தகமும் வெள்ளைக்காரருக்கு என்ற பழைய பங்கீட்டைத் தலைகீழாக்குகிறேன் என்று புறப்பட்ட நாவல், கடைசியில் பங்கீட்டை அப்படியே வைத்துக்கொண்டு மந்திரத்துக்கு மதிப்பெண்ணை மட்டும் கூட்டிக் கொடுக்கிறது.

5

இப்போது ஹுசேன் கானிடம் வருவோம்.

1897 ஆகஸ்ட் நடுவில், செகந்தராபாத்தில், ஹுசேன் கான் என்ற மலேரியா நோயாளி கொசுவலைக்குள் படுத்தார். ராஸ் வளர்த்த கொசுக்கள் வலைக்குள் விடப்பட்டன. ஒரு கடிக்கு ஓர் அணா. பத்துக் கொசு கடித்தது. பத்து அணா. அந்தக் கொசுக்களை ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்துக்கொண்டே வந்துதான் 20ஆம் தேதி ராஸ் தான் தேடியதைக் கண்டார். காய்ச்சல்காரர் ஒருவர் தன் ரத்தத்தை அணா கணக்கில் விற்றார், அது ஏட்டில் ஏறியது. மலேரியா வரலாற்றின் மிகப் பெரிய நாளுக்கு ஆன செலவு அது. அந்தக் காய்ச்சலோடு அவர் வீட்டுக்கு என்ன வாங்கிக்கொண்டு போனார் என்று எழுதக்கூடிய நாவலாசிரியர் யாராவது இருந்தால் அவர் கோஷ்தான். ‘கண்ணாடி மாளிகை’யையும் ‘பசித்த அலை’யையும் எழுதப்போகிற கை அது. ஆனால் இந்த நாவலில் அந்தக் கைக்குச் சதியைப் பின்னுகிற வேலையே சரியாக இருக்கிறது.

இன்னொன்று. 1898ல் ராஸ் கல்கத்தாவுக்கு வந்தார், கன்னிங்ஹாமின் அதே ஆய்வுக்கூடத்துக்கு. மனித மலேரியாவைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். பார்க்க முடியவில்லை. அந்தப் பருவத்தில் நோயாளிகள் குறைவு. இருந்தவர்களும் விரலை நீட்டவில்லை. அது பிளேக் காலம். பிளேக் தடுப்பூசி போட்டுக் கொன்றுவிடுவார்கள் என்ற பயம் ஊரெல்லாம் பரவியிருந்தது. ஊசியோடு வெள்ளைக்கார டாக்டர் வந்தால் ஜனங்கள் எழுந்து ஓடினார்கள். வேறு வழியில்லாமல் ராஸ் பறவைகளுக்கு மாறினார். முகமது பக்ஸ் கொசு பிடிக்க, கூண்டுக் குருவிகளைக் கடிக்கவிட்டு, அறுத்துப் பார்த்தார். ஜூலையில், ஒட்டுண்ணி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேர்வதையும், அங்கிருந்து அடுத்த பறவைக்குள் இறங்குவதையும் கண்டார். முழு வட்டமும் பறவைகளில்தான் தெளிவானது. மனிதர்களிடம் அதே வட்டத்தை அந்த ஆண்டு முடிவதற்குள் ரோமில் கிராஸ்ஸியும் கூட்டாளிகளும் நிரூபித்தார்கள்.

கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள். கல்கத்தாவின் பெயர் தெரியாத ஏழைகள், எந்த ரகசியக் கூட்டமும் கூடாமல், எந்தப் பூசையும் போடாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். அந்த மறுப்பு ஒரு பெரிய கண்டுபிடிப்பின் திசையைத் திருப்பியது. பருவமும் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் பயந்தவர்களுக்கும் பங்கு உண்டு. முருகன் தேடிக்கொண்டிருந்த மறைந்த கை நிஜத்திலேயே இருக்கிறது. அதற்கு அமானுஷ்யம் தேவையில்லை. ஊசி வேண்டாம் என்றார்கள், அவ்வளவுதான். கோஷ் மௌனத்தைப் பற்றி ஒரு நாவல் எழுதினார். நிஜமான மௌனம் அவர் கதை நடக்கும் அதே ஊரில், அதே ஆண்டில், அதே ஆய்வுக்கூடத்து வாசலில் உட்கார்ந்திருந்தது.

இதை ஏதோ வங்காளத்துக் கதை என்று விட்டுவிடவும் முடியவில்லை. செஞ்சிக் கோட்டை 1750ல் புஸ்ஸியிடம் விழுந்து, 1761ல் ஆங்கிலேயரிடம் போகும்வரை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. கர்நாடகத்திலேயே உடம்புக்கு ஆகாத இடங்களில் ஒன்று செஞ்சி என்று ஆங்கிலேய வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதியிருக்கிறார். நூறு ஐரோப்பியருக்கு மேல் அங்கே எப்போதும் வைத்திருக்காத பிரெஞ்சுக்காரர்கள் அந்தப் பத்து ஆண்டுகளில் 1,200 பேரை இழந்தார்கள் என்று அன்று பேசப்பட்டதையும் அவர் குறித்து வைத்திருக்கிறார். எண்ணியது ஐரோப்பியரை. அவர்களுக்குத் தண்ணீர் சுமந்தவர்கள், சமைத்தவர்கள், குதிரைக்குப் புல் அறுத்தவர்கள் அதே குளத்துத் தண்ணீரைக் குடித்து, அதே மலையடிவாரத்தில்தான் படுத்தார்கள். அவர்களுக்கு ஓர் எண்கூட இல்லை. 2025ல் மராத்திய ராணுவ நிலப்பரப்புகளில் ஒன்றாக யுனெஸ்கோ பட்டியலில் செஞ்சி சேர்ந்தபோது ஊரே மகிழ்ந்தது, நாங்களும் மகிழ்ந்தோம். அந்தப் பட்டியலிலும் புல் அறுத்தவர்கள் வரமாட்டார்கள்.

6

எழுதாமல் விட்டவர்களைப் பற்றிக் கதை எழுத இரண்டு வழி இருக்கிறது. ஒன்று கதைப்பாடலின் வழி. தேசிங்கு ராஜன் கதை அதைத்தான் செய்தது. ஜெயித்த சாதத்துல்லா கானை எங்கள் பக்கம் யாருக்கும் நினைவில்லை. தோற்ற இருபத்திரண்டு வயதுப் பையனையும், அவன் குதிரையையும், நண்பன் மோவுத்துக்காரனையும் பாட்டாகப் பாடினார்கள். பாட்டு தோற்றவனை ஜெயிக்க வைத்தது. கூடவே அவனை மனிதனாக இல்லாமலும் ஆக்கியது. அவன் வரி என்ன ஆயிற்று, படைக்குச் சம்பளம் கொடுத்தானா என்று பாட்டிடம் கேட்கக் கூடாது. கோஷ் லட்சுமணுக்கும் மங்களாவுக்கும் செய்திருப்பது இதைத்தான். ராஸ் என்ற நவாபை மறக்கடிக்க ஒரு பாட்டுக் கட்டியிருக்கிறார். பாட்டு நன்றாக இருக்கிறது. இன்னும் பல ஆண்டுகளுக்கு அது படிக்கப்படும்.

இன்னொரு வழி கணக்கு நோட்டின் வழி. யார் எத்தனை கொசுவுக்குக் கடி வாங்கினார், எத்தனை அணா, யார் மறுத்தார், மறுத்ததால் என்ன மாறியது. அதில் மாயம் குறைவு. ஆனால் அதில் வருகிறவர்கள் நம்மைப்போன்ற ஆட்கள். தோழியின் நோட்டில் இருக்கும் வீட்டு எண்களும், ‘தொட்டி மூடி இல்லை’, ‘புழு உண்டு’ என்ற குறிப்புகளும் அந்த வகை எழுத்துதான். ராஸ் செய்த அறுவைக்கும் அந்த நோட்டுக்கும் நடுவே நேர்க்கோடு ஒன்று ஓடுகிறது. கொசுவைக் குனிந்து பார்க்கிறவர்கள் மாறியிருக்கிறார்கள். கூலிக்கணக்கு பெரிதாக மாறவில்லை.

‘தி கல்கத்தா குரோமோசோம்’ படிக்க வேண்டிய நாவலா என்று கேட்டால், கட்டாயம் படியுங்கள் என்பேன். அறிவியலின் வரலாற்றை யார் எழுதினார்கள், யார் எழுதப்படவில்லை என்று இந்திய வாசகரை யோசிக்க வைத்த புனைவுகளில் இதற்கு முக்கிய இடம் உண்டு. முடிவு புரியாவிட்டால் பரவாயில்லை. ராஸைப் பற்றி முருகன் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். ஃபார்லி ஓரக்கண்ணால் பார்க்கிற அந்தக் காட்சி வரும்போது மட்டும் வேகத்தைக் குறைத்து, இரண்டு முறை படியுங்கள். கையில் கண்ணாடித் தகட்டோடு இருக்கிற அந்தப் பெண்ணை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் நாவல் அவளைச் சாமியாக்கிவிடும்.